மதினிக்குக் கொடுத்த தண்ணீர்

உடம்பு தேறின பிறகும் என்னைப் பார்க்க வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும், ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்த கையோடு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏம் மாரி, நீ தண்ணியே குடிக்க மாட்டியாமே?"

அந்த 'மாட்டியாமே'யிலேயே தெரிந்துவிடும், இது யாரோ சொல்லிக் கேட்ட சேதி என்று. சொன்னவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் இப்போது இந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் ஊரில் பரவின பேச்சு பரவினதுதான், அதைத் திரும்ப அள்ள முடியாது. ஆளாளுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். இனிமேல் கேட்கிறவர்களிடம் படித்துக்கொள்ளுங்கள் என்று நீட்டிவிடலாம். நான் வேலை பார்க்கிற கம்பெனி ஆட்களுக்கு மட்டும் காட்ட மாட்டேன், அங்கே ஒருத்தருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

என் பெயர் மாரீஸ்வரி. ஆமத்தூர்க்காரி. அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிற வேலை. வீட்டுக்காரர் கருப்பசாமி லாரிக்கு லோடு ஏற்றுகிறார். மகள் கௌசல்யா கல்லூரியில் படிக்கிறாள். பேச்சியம்மாள் என்பவர் என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா, எனக்கு மதினி. எங்கள் கம்பெனியில் பெண்களுக்கு அவர்தான் கண்காணி. வயதில் மூத்தவர் என்பதால் எழுத்தில் 'அவர்' என்று போடுகிறேன். மனதுக்குள் வேறு மாதிரிதான் வருகிறது.

எங்கள் அறைக்குள் தண்ணீர் வைக்கக் கூடாது. இதில் மதினியின் குற்றம் ஒன்றும் இல்லை. பூச்சட்டி மருந்தில் அலுமினியப் பவுடர் இருக்கிறது. அதில் ஈரம் பட்டால் மெல்லச் சூடேறும், சூடு முற்றினால் தானாகவே பற்றிக்கொள்ளும். அதனால் தண்ணீர்ப் பானை வெளியே வேப்பமரத்தடியில் இருக்கும். குடித்துவிட்டு வருகிறவள் கையையும் வாயையும் நன்றாகத் துடைத்து, வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்கின பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். இது உயிர் காக்கிற சட்டம். ஒரு நாளும் நான் மீறியதில்லை.

மதினி அந்தச் சட்டத்துக்கு ஒரு வால் வைத்துத் தைத்துவிட்டார். தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்பது, நாங்கள் வெளியே போகக் கூடாது என்று ஆகிவிட்டது. பெண்களுக்கான கக்கூஸ் கம்பெனியின் கடைசி மூலையில், மருந்துக் குடோனையும் தாண்டி இருக்கிறது. போய்வர நேரம் பிடிக்கும். தீபாவளி சீசன் நெருங்கிவிட்டால் மதினி அறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"மதினி, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துருதேன்."

"இப்பத்தான ஒருத்தி போனா. அவ வரட்டும்."

"அவ வந்துட்டா மதினி. இந்தா உள்ளதான் இருக்கா."

"அப்ப சாப்பாட்டு நேரம் வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காரு. ஆர்டர் நிக்குதுல்ல."

அடக்க முடியாதவர்களுக்கு அவரிடம் வேறொரு வைத்தியம் இருந்தது. "காலைல தண்ணியக் குடிச்சிட்டு வந்தா ஒண்ணுக்கு வரத்தான செய்யும்? குடிக்காம வா." தொண்டை வறண்டால் என்ன செய்வது? வறுத்த புளியங்கொட்டை ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், தாகம் தெரியாது. காலையில் வேன் ஏறினதும் மதினி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆளுக்கு ரெண்டு கொட்டை கொடுப்பார். கல்யாண வீட்டில் சந்தனம் கொடுக்கிறவர் முகம்கூட அப்படி இருக்காது. நாங்களும் வாங்கி வாயில் போட்டுக்கொள்வோம். சாயங்காலம் வரை ஒரு சொட்டு குடிக்காமல் பொழுதை ஓட்டினவள் எங்களுக்குள் கெட்டிக்காரி. வியர்வை மட்டும் முதுகில் ஆறாக ஓடும். கந்தக பூமியில், தகரக் கூரைக்குக் கீழே, உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் அப்படியே போய்க்கொண்டிருக்கும்.

முதலில் நீர்க்கடுப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை. கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினால் நிற்கும் என்பார்கள். தடவினேன். நகம் வெள்ளையானது, கடுப்பு நிற்கவில்லை. பிறகு வலது பக்கம் முதுகுக்குக் கீழே ஒரு வலி. நாள் முழுக்க உட்கார்ந்து குனிந்து வேலை செய்கிறவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போயிற்று. சூடு என்றார்கள். நானும் சூடு என்றே நினைத்தேன். சொட்டுச் சொட்டாகக் குறைந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. இனி மதினியிடம் போய்க் கேட்டு நிற்க வேண்டியதில்லையே என்று.

ஆவணி வெயிலில் ஒரு நாள் எனக்குக் குளிரெடுத்தது. பல் கிட்டிக்கொண்டது. அறையை விட்டு வெளியே வந்தவள் பானைக்குப் பக்கத்திலேயே விழுந்தேன். கூட வேலை பார்த்த செல்விதான் ஓடிவந்து தூக்கினாள். என் வாயில் விரலை விட்டு, தொண்டையில் சிக்கிவிடாமல் புளியங்கொட்டையை வெளியே எடுத்தவளும் அவள்தான். சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்துவிட்டு உடனே விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர் கொடு என்றார்கள், எங்கே இருந்து கொடுப்பது? எங்கள் வார்டைப் பார்த்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். கையில் பேனாவை உருட்டிக்கொண்டே பேசுவார். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"ரத்தத்துல இருக்கிற கழிவையெல்லாம் அலசி வெளியே தள்றதுதான் கிட்னியோட வேலை. அலசத் தண்ணி வேணும்ல? நீங்க தண்ணி குடிக்காதனால உப்பு உள்ளேயே தங்கி கல்லா இறுகியிருக்கு. ஒரு கல் வலது பக்கக் குழாய்ல இறங்கி அடைச்சுக்கிச்சு. தேங்கின மூத்திரத்துல கிருமி சேர்ந்து ரத்தத்துக்கும் போயிருச்சு. இடது பக்கமும் சோர்ந்துபோயிருக்கு."

கிரியாட்டினின் என்று ஒரு சொல்லை அங்கேதான் முதன்முதலில் கேட்டேன். நம் சதை வேலை செய்யும்போது உண்டாகிற கழிவு அது. கிட்னி நன்றாக இருந்தால் அதை வெளியே தள்ளிவிடும், ரத்தத்தில் கொஞ்சம்தான் மிஞ்சும். எனக்கு அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அடைப்பை எடுத்த பிறகும் அது இறங்கவில்லை என்றால் டயாலிசிஸ், அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து மிஷினில் அலசி மறுபடி உடம்புக்குள் விடுவது. "எம்புட்டு நாளைக்கு டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். டாக்டரம்மா பேனாவை உருட்டுவதை நிறுத்திவிட்டு, "இப்போ சொல்ல முடியாது" என்றார். டயாலிசிஸ் அறை வாசலில் காத்திருக்கிறவர்களை வரும்போதே பார்த்திருந்தேன். வாரா வாரம் வந்து வந்து அந்த பெஞ்சு அவர்களுக்கு வீடு மாதிரி ஆகியிருந்தது. நானும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் கௌசல்யா படிப்பு என்னாகும், யார் சோறு பொங்குவது என்றுதான் ஓடியது.

அப்போது டாக்டரம்மா என்னிடம், "ஏம்மா தண்ணி குடிக்காம இருந்தீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைமாட்டில் நின்ற மதினி பதில் சொல்லிவிட்டார்.

"இவ தண்ணியே குடிக்க மாட்டா டாக்டர். நாங்களும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டோம். பிடிவாதக்காரி."

எனக்குக் குளிர் ஜுரத்தில் தாடை ஆடிக்கொண்டிருந்தது. பேச்சு வரவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த நிமிஷம் என் சிறுநீரகத்தைப் பற்றின கவலைகூடக் கொஞ்சம் பின்னால் போயிற்று. பிழைத்து எழுந்தால் இந்த வார்த்தையை இவர் வாயாலேயே விழுங்க வைக்க வேண்டும் என்று அம்மன் மேல் ஆணையிட்டுக்கொண்டேன். பழிவாங்குவது பாவம் என்று சொல்கிறவர்கள் ஒரு சீசன் முழுக்க ஒண்ணுக்கு அடக்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

இதில் பெரிய வேடிக்கை, பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. கௌசல்யாவுக்குப் பரீட்சை. கூட இருக்க ஒரு பொம்பளை வேண்டும் என்றதும் என் வீட்டுக்காரர் அக்காவிடம் போய் நின்றிருக்கிறார். மதினி ரெண்டு சேலையையும் ஒரு தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துவிட்டார். எவரால் படுத்தேனோ அவரே எனக்குத் துணை.

மறுநாள் கல் அடைத்த குழாயில் ஸ்டென்ட் வைப்பதாக முடிவாயிற்று. ஸ்டென்ட் என்றால் மெல்லிய ரப்பர் குழாய், சேமியாவை விடக் கொஞ்சம் தடிமன். கல்லைத் தாண்டி அதை உள்ளே செருகினால் சிறுநீர் இறங்க வழி கிடைக்கும். கல்லைப் பிறகு சாவகாசமாக உடைத்துக்கொள்ளலாம். அதற்கு மயக்க ஊசி போட வேண்டும், அதனால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. இத்தனை காலம் தண்ணீர் இருந்தும் குடிக்காதவளுக்கு, அன்றைக்குத்தான் ஒரு வாய்த் தண்ணீருக்காக உயிர் தவித்தது. தியேட்டருக்குக் கூப்பிட மதியத்தைத் தாண்டிவிட்டது. பரீட்சை எழுதிவிட்டு ஓடிவந்த கௌசல்யா துணியை நனைத்து என் உதட்டை ஒற்றி ஒற்றி எடுத்தாள். தன் வாயில் ஒரு மடக்கு ஊற்றிக்கொள்ளவில்லை, நான் பார்த்துவிடுவேனாம். வெளியே கிராதிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் நின்றார். உள்ளே விடாததால் கையை மட்டும் தூக்கித் தூக்கிக் காட்டினார். லாரியில் நூறு பெட்டியை அசால்ட்டாக ஏற்றுகிற மனுஷன், சும்மா கையைத் தூக்க அவ்வளவு கஷ்டப்பட்டார்.

மதினி மட்டும் தூக்குவாளியிலிருந்து பழைய சோற்றைச் சாப்பிட்டு முடித்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "செத்த நேரம் பொறுத்துக்க மாரி. நீதான் தண்ணி குடிக்காமப் பழகுனவளாச்சே" என்றார். ஆறுதல் சொல்கிறாராம். அதையும் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

ஸ்டென்ட் வைத்த பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். அணை திறந்த கதையாகச் சிறுநீர் கொட்டியது. கட்டிலில் மாட்டியிருந்த மூத்திரப் பையை எடுத்துவிட்ட பிறகும் அடிக்கடி வந்தது, உள்ளே குழாய் உரசுவதால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். டாக்டரம்மா வந்து, "இனி தண்ணிதான் உங்களுக்கு முதல் மருந்து. ஒரே மூச்சுல குடிக்காம, நாள் முழுக்கப் பிரிச்சுக் குடிங்க. மூத்திரம் வைக்கோல் நிறத்துல போகணும், அதுதான் அளவு" என்றார். ஹார்ட் பலவீனமானவர்கள், கிட்னி ஏற்கெனவே கெட்டுப்போனவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவோடு குடிக்க வேண்டுமாம். மற்றவர்களுக்குத் தாகம் வரும்வரை காத்திருப்பதே தப்பு என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழிவாங்க டாக்டரே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டாரே.

"மதினி, தண்ணி."

எடுத்துக் கொடுப்பார். குடிப்பேன். கொஞ்ச நேரத்தில், "மதினி, ஒண்ணுக்கு."

சலைன் பாட்டிலை ஒரு கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னைத் தாங்கி, வார்டின் கடைசி மூலையில் இருந்த பாத்ரூம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வந்து படுத்ததும், "மதினி, தண்ணி." அவர் பாயில் குந்தப் போகிற நேரம் பார்த்து, "மதினி, ஒண்ணுக்கு." வராவிட்டாலும் போனேன். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

"இப்பத்தானட்டி போயிட்டு வந்த?" என்று ஒருமுறை கேட்டார்.

"அடக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக. கேட்டீகல்ல?"

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பாட்டிலைத் தூக்கினார்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். என்னைக் கட்டிலில் விட்டுவிட்டு மதினி பாத்ரூமுக்குப் போனார். போனவர் சீக்கிரம் வரவில்லை. எனக்கு நிஜமாகவே அவசரம், சுவரைப் பிடித்துக்கொண்டு நானே போனேன். கதவைத் திறந்து வெளியே வந்தவர் முகம் வெளிறி, இடது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். குழாயில் அப்போது தண்ணீர் வரவில்லை, உள்ளே அலசப்படாமல் இருந்தது. சிவப்பாக இருந்தது. மாதவிலக்கு நின்று எத்தனையோ வருஷமான பொம்பளை அவர்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இரக்கம் வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் வரவில்லை. வசமாக மாட்டினாய் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டரம்மா, "கிரியாட்டினின் நல்லா இறங்குது. டயாலிசிஸ் வேண்டாம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் அதைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"டாக்டர், அன்னைக்கு ஏன் தண்ணி குடிக்கலன்னு கேட்டீகல்ல? இப்பச் சொல்லுதேன். இந்தா நிக்காகல்ல, இவுகதான் எங்க கம்பெனில கண்காணி. ஒண்ணுக்குப் போக விடமாட்டாக. போகாம இருக்கணும்னா குடிக்காம வரணும்னு சொல்லி, புளியங்கொட்டையக் குடுப்பாக. நான் பிடிவாதக்காரி இல்ல டாக்டர். சொன்ன பேச்சக் கேட்டவ."

வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரி இட்லியை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டாள். மதினி, "ஜுரத்துல பெனாத்துதா டாக்டர்" என்றார்.

"ஜுரம் விட்டு ரெண்டு நாளாச்சு. இன்னொண்ணும் சொல்லுதேன். இவுகளுக்கு ரெத்தமாப் போகுது. நேத்து நான் கண்ணால பாத்தேன். மறைக்காக."

"அதெல்லாம் இல்ல. சூடு."

டாக்டரம்மா பேனாவை எடுத்து ஒரு சீட்டு எழுதினார். "சூடுன்னு சொல்லித்தான் இவங்களும் வந்தாங்க. போய் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று மதினி கையில் கொடுத்தார்.

வயிற்று ஸ்கேன் எடுக்க ஒரு முறை இருக்கிறது. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாகத் தெரியும். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒண்ணுக்குப் போகாமல், முறை வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு வீல்சேரில் உட்கார முடிந்தது. கூடப் போவேன் என்று அடம்பிடித்துப் போனேன். மனிதருக்குச் சில சந்தோஷங்கள் ஒருமுறைதான் வாய்க்கும்.

ஸ்கேன் அறை வாசலில் சந்தைக் கூட்டம். மதினி ஒரு பாட்டிலைக் குடித்து முடித்தார். அங்கிருந்த அட்டெண்டர் பெண், "பத்தாதும்மா, இன்னொண்ணு குடிங்க" என்றாள். பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம் பிடித்துவரச் சொல்லி, நானே மதினி கையில் கொடுத்தேன். அதையும் குடித்தார். கொஞ்ச நேரத்தில் காலைப் பின்னிக்கொண்டார். பிறகு எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். நெற்றியில் வியர்வை.

"யம்மா, செத்தப் போயிட்டு வந்துரட்டுமா? முடியல."

அட்டெண்டர் தலையைத் தூக்காமலே சொன்னாள். "உங்க முறை வரட்டும். அடக்கிக்கிட்டு உக்காருங்க."

நான் வீல்சேரைக் கொஞ்சம் திருப்பி, மதினியின் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அது அவசரத்தாலா, வேறு எதனாலா என்று நான் ஆராயவில்லை. பூச்சட்டி அறையில் இருந்த அத்தனை பேரும் அப்போது என் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

ஸ்கேன் முடிவை டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு மதினியை உட்காரச் சொன்னார். இடது சிறுநீரகத்தின் வாயில் பழைய கல் ஒன்று அடைத்து, அந்தச் சிறுநீரகம் பலூன் மாதிரி வீங்கி, சதையெல்லாம் காகிதமாக மெலிந்துபோயிருந்ததாம். வலி கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கும், இவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். அது இனி வேலை செய்யும் என்று சொல்வதற்கில்லை, மதுரையில் காட்ட வேண்டும், வலது பக்கத்து ஒன்றைத்தான் இனிமேல் பொத்திப் பொத்திக் காப்பாற்ற வேண்டும் என்றார்.

"எத்தனை வருஷமா இப்படித் தண்ணி குடிக்காம இருக்கீங்க?"

மதினி யோசித்தார். "கல்யாணம் முடிஞ்சு மருந்தடைக்க வந்தேன் டாக்டர். அப்ப எங்க கண்காணிதான் சொன்னா, புளியங்கொட்டைய வாயில போட்டுக்கன்னு."

வார்டுக்குத் திரும்பினோம். இந்த முறை எனக்கு யாரும் தண்ணீர் எடுத்துத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நான் எதிர்பார்த்ததைவிடப் பழி பெரியதாகப் போய்விட்டது. அவரை அவமானப்படுத்தத்தான் ஆசைப்பட்டேன், ஒரு சிறுநீரகத்தைக் கேட்கவில்லை. அதற்காக நெஞ்சம் உருகிப்போனேன் என்றும் நினைக்க வேண்டாம். தனக்கு நடந்ததைத்தானே எனக்குச் செய்தார் என்று ஒரு பக்கம் தோன்றியது. தனக்கு நடந்ததென்று தெரிந்தும் செய்தாரே என்று மறுபக்கம் எரிந்தது. ரெண்டில் எரிந்ததுதான் அதிகம்.

பாயில் உட்கார்ந்திருந்த மதினி, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். "மாரி, கம்பெனில சொல்லிராதட்டி. சீக்காளின்னு தெரிஞ்சா என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிருவாக. எனக்கு யாரு இருக்கா?"

மதினிக்குப் பிள்ளை இல்லை. புருஷன் செத்த பிறகு அந்த வீட்டு உறவும் அற்றுப்போய்விட்டது. அவர் சொன்னது உண்மை.

"சொல்லல மதினி."

அவர் என் கையைப் பிடித்தார். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

"ஆனா சும்மா இல்ல. நான் வேலைக்கு வந்த அன்னையிலேர்ந்து, எந்தப் பொம்பள எப்பக் கேட்டாலும் விடணும். ஒருத்தி போனாளா வந்தாளான்னு கேக்கக் கூடாது. ஸ்டூலத் தூக்கி அந்தாண்ட போடணும். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, எவளையாச்சும் அடக்கிக்கிட்டு உக்காருன்னு சொன்னீகன்னு என் காதுல விழுந்துச்சோ, நேரே போர்மேன்கிட்டப் போயி நின்னுருவேன்."

"ஆர்டர் நின்னுபோச்சுன்னா?"

"நிக்கட்டும். எனக்கு மூத்திரமே நின்னுபோச்சு."

அவர் பாயின் கோரையை நகத்தால் நெருடியபடியே தலையாட்டினார். இதை மிரட்டல் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். "எங்க அக்கா பாவம்ளா" என்கிறார். பாவம்தான். நான் இல்லை என்றேனா?

வீட்டுக்கு வந்து, கல்லை உடைத்து, ஸ்டென்டையும் எடுத்த பிறகு மறுபடி வேலைக்குப் போனேன். மருந்து அறைக்கு வேண்டாம் என்று லேபிள் ஒட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் வேப்பமரமும் பானையும் நேராகத் தெரியும். முதல் நாள் பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. ஸ்டூல் இல்லை என்றாலும் பழகின பயம் போகுமா? செல்விகூட, "நீ மொதல்ல போக்கா, என்ன சொல்றாகன்னு பாப்போம்" என்றாள்.

நான் எழுந்து பானையடிக்குப் போனேன். சொம்பில் நிறைய மொண்டேன். நான் குடிக்கவில்லை. நேரே மதினி நின்ற இடத்துக்குப் போய் நீட்டினேன். அறைகளின் வாசலில் அத்தனை தலைகள் எட்டிப் பார்த்தன.

"எனக்கு வேண்டாம்ட்டி. இப்பத்தான் டீ குடிச்சேன்."

"டீ கணக்குல வராதுன்னு டாக்டரம்மா சொன்னாகல்ல? பிடிங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். பாதியில் மூச்சு வாங்க நிறுத்தி, போதும் என்று சொம்பைத் திரும்ப நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "இன்னும் இருக்கு மதினி. குடிங்க" என்றேன்.